முக்காட்டை விலக்கச் சொன்ன கேமரா

1960-ஆம் ஆண்டு. அல்ஜீரிய விடுதலைப் போர் ஆறாவது ஆண்டை எட்டியிருந்தது. மலைக்கிராமங்களில் வாழ்ந்த மக்களைப் பிரெஞ்சு இராணுவம் ஊரோடு பெயர்த்து, தன் காவலின்கீழ் அமைந்த குடியிருப்புகளில் அடைத்து வைத்தது. போராளிகளுக்கு ஊராரிடமிருந்து சோறும் தங்குமிடமும் கிடைக்காமற் செய்வது அதன் நோக்கம். போர் முடிவதற்குள் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டனர். அடைபட்டவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும் என்று ஒரு படைத்தலைவர் ஆணையிட்டார். படமெடுக்கும் வேலை மார்க் கரான்ஷே என்னும் 25 வயது இளைஞரிடம் வந்தது. அவர் கட்டாய இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டு வந்தவர்.

ஒரு வீட்டின் வெள்ளைச் சுவர், அதன் முன் ஒரு முக்காலி. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அதில் அமர்த்தப்பட்டனர். முகத்திரையையும் முக்காட்டையும் விலக்கும்படி அவர்களுக்குக் கட்டளை இடப்பட்டது. மஹ்ரம் அல்லாத ஆணின் முன், அதுவும் தம் ஊரை அழித்த படையைச் சேர்ந்தவனின் முன். நாளொன்றுக்கு 200 பேர் வரை, பத்தே நாட்களில் ஏறத்தாழ 2000 பேர் படமெடுக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 1982-இல் கரான்ஷே அப்படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அவற்றைப் பார்ப்பவர் முதலில் காண்பது அப்பெண்களின் கண்களை. ஒருவரும் சிரிக்கவில்லை. வாய் திறக்க உரிமையற்றவர்கள் தம் சினம் முழுவதையும் பார்வையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

பெண்களுக்கான உடை ஒழுக்கத்தைக் கூறும் சூரா அந்நூரின் 31-ஆம் வசனத்திற்கு முன்பாக, 30-ஆம் வசனம் ஆண்களின் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. இந்த வரிசையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். அல்ஜீரியாவின் வரலாற்றைப் படிக்கையில் அது மீண்டும் மீண்டும் நினைவுக்கு வருகிறது.

ஏனெனில், அந்த முக்காலிக்கு முன்பே நீண்டதொரு கதை உண்டு. 1830-இல் பிரான்சு அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. இரண்டே ஆண்டுகளில் ஓவியர் தெலாக்ருவா அங்கு வந்தார். ஒரு முஸ்லிம் வீட்டின் பெண்கள் பகுதிக்குள் நுழைய அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதன் விளைவாக 1834-இல் அவர் தீட்டிய ஓவியம் இன்றும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஞ்சலட்டைகள் வந்தன. வறிய பெண்களுக்குக் காசு கொடுத்து ஸ்டுடியோவிற்கு அழைத்து, அரைகுறை ஆடையில் நிறுத்திப் படமெடுத்தனர். 'அல்ஜீரியப் பெண்' என்று பெயரிட்டு, தபால்தலை ஒட்டி, பிரான்சுக்கு அனுப்பினர். தெருவில் நம் பாட்டிமார்களின் வெள்ளைத் துப்பட்டியைப் போன்ற ஹாயிக் போர்த்தி நடந்த பெண்களை அவர்களால் பார்க்க இயலவில்லை. பார்க்க இயலாததைக் கற்பனையில் படைத்து விற்றார்கள்.

1958 மே மாதத்தில் அதே பார்வை 'விடுதலை' என்னும் பெயர் பூண்டு வந்தது. அல்ஜியர்ஸில் அரசு மாளிகையின் முன் பெருங்கூட்டம் கூட்டி, முஸ்லிம் பெண்கள் தாமே ஹாயிக்கைக் கழற்றுவதாகக் காட்சிகள் நடத்தப்பட்டன. பிற நகரங்களிலும் அது தொடர்ந்தது. கான்ஸ்டன்டைன் நகரில் மேடையேறிய மாணவி ஒருவரின் செய்தி மனத்தை வருத்துவது. அவர் அதுவரை ஹாயிக் அணியும் வழக்கமே இல்லாதவர். அவருடைய சகோதரர் இராணுவத்தின் பிடியில் இருந்தார். சகோதரரின் உயிரைக் காக்க வேண்டுமானால் மேடைக்கு வா என்று மிரட்டப்பட்டார். அதற்காகவே ஹாயிக்கைப் போர்த்திக்கொண்டு வந்து, கூட்டத்தின் முன் அதை எறிந்து, எழுதிக் கொடுக்கப்பட்ட உரையை வாசித்தார். கழற்றுவதற்காகவே அணிவிக்கப்பட்ட உடை! உலகச் செய்தித்தாள்களுக்குப் போனது படம் மட்டுமே.

இக்காலம் முழுவதும் அல்ஜீரியப் பெண்கள் வாளாவிருக்கவில்லை. ஹாயிக்கின் மடிப்பில் ஆயுதம் கடத்தியவர்கள் இருந்தனர். சோதனைச் சாவடியைக் கடக்க ஐரோப்பிய உடை அணிந்தவர்களும் இருந்தனர். உடையை எப்போது அணிவது, எப்போது விடுவது என்பதை அவர்களே முடிவு செய்தனர். போருக்குப் பின் அரசு பதிவுசெய்த பெண் போராளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11,000. கரான்ஷே படமெடுத்த அதே 1960-இல், பிப்ரவரி மாதம், ஜமீலா பூபாஷா என்னும் இளம்பெண் கைது செய்யப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். இத்தகைய கொடுமையை வெளியே சொல்வதைவிட மறைப்பதே மானம் என்று கருதப்பட்ட காலம் அது. பூபாஷா தம் பெயராலேயே, தம்மை வதைத்தவர்கள்மீது புகார் தொடுத்தார். வழக்கறிஞர் ஜிசேல் ஹலிமி அவருக்காக வாதாடினார். ஜூன் மாதம் சிமோன் த பொவ்வார் 'லெ மோந்த்' நாளிதழில் எழுதியபின் பிரான்சே அதிர்ந்தது. ஆயினும் 1962-இல் போர் முடிந்தபோது அறிவிக்கப்பட்ட பொதுமன்னிப்பில் அவருடைய புகாரும் அடங்கிப்போயிற்று.

அந்நியரை மட்டும் குறைகூறி இக்கதையை முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. விடுதலை பெற்ற அல்ஜீரியா குடும்பச் சட்டம் ஒன்றை உருவாக்க முனைந்தது. வரைவு மக்கள்முன் வைக்கப்படவில்லை. 1981-இல் முன்னாள் பெண் போராளிகள் உட்படப் பலர் தெருவில் இறங்கி, எங்களைப் பற்றிய சட்டத்தை எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்டனர். 1984-இல் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் ஷரீஅத்துக்கு எந்த அளவில் பொருந்துகின்றன என்பது உலமாக்கள் ஆராய வேண்டியது; நான் அதற்குள் புகவில்லை. சிறையும் சித்திரவதையும் கண்ட பெண்களிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை என்பதே என் மனக்குறை. தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வாதிட்ட கவ்லா (ரலி) அவர்களின் முறையீடு செவியேற்கப்பட்டதை அறிவித்தே சூரா அல்முஜாதலா தொடங்குகிறது. அதை ஓதும் சமுதாயத்தில் இது நிகழ்ந்தது.

கேட்கத் துணிந்தவர் ஒருவர் இருந்தார். எழுத்தாளர் அசியா ஜெபார் 1977-இல் தம் தாய்வழி மலைநாடாகிய ஷெனூவாவுக்குச் சென்று, முதிய கிராமத்துப் பெண்களைப் போர் நினைவுகளைப் பேசவைத்துத் திரைப்படமாக்கினார். அங்கே முதன்மை பெற்றது பெண்களின் குரல்.

பிரான்சில் அந்தப் பழைய பார்வை இன்னும் ஓயவில்லை. 2004 மார்ச்சில் அரசுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்கு வழிவகுத்த குழு பல மாதங்கள் பலரை விசாரித்தது. முக்காடிட்ட மாணவியரை அது அழைத்துக் கேட்டது மிகச் சிறிதே.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 ஜூலையில் ஒரு செயலியும், 2022 ஜனவரி முதல் நாளில் மற்றொன்றும் இணையத்தில் தோன்றின. முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து திருடி, 'ஏலம்' என்று தலைப்பிட்டு அடுக்கியிருந்தனர். பத்திரிகையாளர், விமானி, காணாமற்போன மகனைத் தேடும் தாய் என்று பொதுவெளியில் பேசிய பெண்களே பெரும்பாலும் குறிவைக்கப்பட்டனர். செய்தி வந்தபோது, படத்தைப் போட்டதனால்தானே இந்த வினை என்னும் பேச்சு நம் வீடுகளிலும் எழுந்தது. அல்ஜீரிய மலைக்கிராமத்துப் பெண்கள் எங்கும் படம் போடவில்லையே! அவர்களை நாடிக் கேமரா அல்லவா வந்தது!

ஏலத்தில் வைக்கப்பட்ட பெண்கள் சிலர் அஞ்சி ஒதுங்கினர். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. வேறு சிலர் தம் பெயரைச் சொல்லியே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தனர். 2021 ஜூலையில் வந்த முதல் செயலியை உருவாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் கைதானது 2022 ஜனவரியில், இரண்டாவது செயலியும் வந்த பிறகு.