விழாக்குப்பை: புகார் முதல் ஜொகூர் வரை

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நிகழவிருக்கும் இந்திர விழாவை நகரத்தார்க்கு அறிவிக்கும் பகுதி அது. முரசத்தை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடியிற் பிறந்த முரசறைவோன் செய்தி கூறுகின்றான். கமுகும் வாழையும் கரும்பும் நடுதல், பூரண கும்பம் வைத்தல் முதலியவற்றோடு, வீதியிற் கிடக்கும் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புதலும் அவன் இடும் கட்டளைகளுள் ஒன்றாகும். தேவரும் வந்து காணும் விழாவுக்குத் தெருத் துப்புரவு இன்றியமையாதது எனச் சாத்தனார் கருதினார் போலும். ஆனால் அகற்றிய மணலைச் சுமந்தவர் யாவர், கொட்டிய இடம் யாது என்பவற்றைக் காப்பியம் கூறவில்லை. விழாவைப் பாடிய புலவர் பலர். விழாவுக்கு மறுநாளைப் பாடியவரைத் தேடித்தான் காணவேண்டும்.

தமிழர் வழிபாட்டில் விழாவின் எச்சம் இருவகைப்பட்டது. ஒன்று நிர்மாலியம், அதாவது, இறைவனுக்குச் சாத்திக் களைந்த பூவும் மாலையும். சைவ மரபில் அது சண்டேசுரர்க்கு உரியது. கால் படாத இடத்திற் சேர்க்கத்தக்கது. மற்றொன்று எச்சில், அன்னதானத்தில் உண்டெழுந்த இலை. முன்னதற்கு மரத்தடியும் நீர்நிலையும் இடமாயின. பின்னதற்கு மாட்டுத் தொழுவமும் எருக்குழியும் இடமாயின. ஒன்று புனிதம், மற்றொன்று தீட்டு என்று பிரித்தாலும், இரண்டும் விரைவில் மண்ணாகிவிடும் பொருள்களே. ஆகவே குப்பை என்பது தனியொரு சிக்கலாகத் தோன்றவில்லை.

துப்புரவும் தொண்டாகப் போற்றப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் உழவாரப் படையைக் கையிலேந்தித் திருக்கோயில் முற்றங்களைச் செதுக்கியதும், அவர் தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகியதும் தமிழாசிரியர் அனைவரும் வகுப்பிற் சொல்லும் செய்திகள். கோயிலை மெழுகும் பணிக்கென விடப்பட்ட நிலத்தைத் ‘திருமெழுக்குப்புறம்’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. மதிலுக்குள் அலகிடுதல் தொண்டு எனப்பட்டது; மதிலுக்கு வெளியே தெருக்கூட்டுதலோ சில சாதியார்மேற் சுமத்தப்பட்ட இழிதொழிலாயிற்று. இந்த முரண்பாட்டை விடுத்துப் பண்டைத் துப்புரவைப் புகழ்வது வரலாறாகாது.

இவ்விரு வழக்கமும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தன. 1909-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை ஜொகூரை ஊடறுத்து முடிந்தபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது. ஆண்டுக்கொரு திருவிழா வந்தது. லயத்துக் கொல்லையில் வளர்ந்த வாழையே பந்தியில் இலையாயிற்று. உண்ட இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போயிற்று. அர்ச்சனைத் தேங்காய் அன்றைய குழம்பிற் சேர்ந்தது. சிரட்டை அடுப்பெரிக்க உதவியது. பால் மரத்திற் கட்டும் கோப்பையாகவும் சிரட்டை பயன்பட்ட காலம் உண்டு. தண்ணீர்ப்பந்தலில் செம்பிலிருந்து ஊற்ற, வந்தவர் கைகுவித்துப் பருகினர். அண்டாவையும் கிடாரத்தையும் மறுநாள் சாம்பலிட்டுத் துலக்கியவர்கள் அதே லயத்துப் பெண்களே. வறுமை கற்பித்த சிக்கனம் இதிற் பெரும்பங்கு என்பது உண்மை. அதனால் அதன் பயன் குறைந்துவிடாது.

நகரங்களின் நிலை வேறு. மலாயா நகரங்களில் சாலை கூட்டும் வேலைக்குத் தென்னிந்தியத் தொழிலாளரைப் பெருமளவில் அமர்த்தினர். ஊரில் விட்டுவந்ததாக எண்ணிய தொழில் இங்கே கூலியாக எதிரே வந்து நின்றது. விழாவில் கும்பிட வந்தவரும், விழா முடிந்தபின் அத்தெருவைக் கூட்டியவரும் ஒரே இனத்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் வெளியேறி, ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் பகுதிகளிற் குடியேறினர். கொல்லை இல்லை, மாடு இல்லை, மறுநாள் பாத்திரம் துலக்க ஆளும் இல்லை. அந்த இடத்தைத்தான் காகிதக் குவளையும் நெகிழித் தட்டும் நுரைப் பெட்டியும் பிடித்துக்கொண்டன. இவற்றைச் சோம்பலின் விளைவென்று மட்டும் பழித்தல் எளிது. கழுவும் கை குறைந்ததே முதற்காரணம். நெகிழி நிர்மாலியமும் அன்று, எச்சிலும் அன்று. மரபு அதற்கென ஓர் இடத்தை வகுக்கவில்லை. ஆகவே அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மரபுப் பொருளும் இடம் மாறினால் குப்பையாகும் என்பதற்குப் பினாங்கே சான்று. அங்குத் தைப்பூசத்தில் வெள்ளி இரதம் செல்லும் வழியெங்கும் தேங்காய்களைக் குவித்து உடைப்பர். கோயிற் கல்லில் உடைத்த காய் பிரசாதமாகும். தார்ச்சாலையில் சிதறிய காய் கல்லும் மண்ணும் கலந்து மண்வாரிக்கே உரியதாகும். இவ்விரயத்தைக் குறைக்குமாறு பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பன்முறை வேண்டிக்கொண்டது.

மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 1-9-2011 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜொகூரும் மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களும் கோலாலம்பூர், புத்ராஜெயா நகரங்களும் அதனை ஏற்றன. பத்துமலை உள்ள சிலாங்கூரும், பினாங்கும், ஈப்போ உள்ள பேராக்கும் அப்போது ஏற்கவில்லை. தைப்பூசக் கூட்டத்திற்குப் பேர்போன தலங்கள் மூன்றும் இவ்வாறு சட்டத்திற்கு வெளியே நின்றன. ஏற்ற மாநிலங்களில் 1-9-2015 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்கவேண்டும் என்ற விதி வந்தது. அது வீட்டை நோக்கிய விதி. ஓரிரவு கூடிக் கலையும் பெருங்கூட்டத்துக்கு அதை எவ்வாறு பொருத்துவது? வீட்டில் பிரிப்பவர் ஒருவர். விழாவில் எறிபவர் பல்லாயிரவர்.

சபரிமலையில் 2011-இல் தொடங்கிய ‘புண்யம் பூங்காவனம்’ இதற்கு ஒரு விடை காட்டியது. காவல்துறை அதிகாரியொருவர் முன்னின்று தொடங்கிய அவ்வியக்கத்தில், மலைக்கு வரும் பக்தர்களே, பதவியிற் பெரியோர் உட்பட, சிறிது நேரம் குப்பை பொறுக்கினர். கூலிக்கு விட்ட தொழிலை அது மீண்டும் தொண்டாக்கியது. அப்பரின் உழவாரத்தை மேடையிற் பாராட்டும் ஊர்களில் இம்முறை பரவத் தடையொன்றும் இல்லை. தண்ணீர்ப்பந்தலில் எவர்சில்வர் குவளையை மீண்டும் வைப்பதற்கும் வேண்டியது இதுவே: குவளையன்று, அதைக் கழுவ முன்வரும் நாலைந்து பேர்.

இலைக்குத் திரும்பினாற் போதும் என்போர் உளர். ஜொகூர் பாருவின் குப்பை பெரும்பாலும் சீலோங் நிலநிரப்புக்குச் செல்கிறது. காற்றுப் புகாத அக்குவியலில் வாழையிலை எருவாவதில்லை. அழுகி மீத்தேன் என்னும் வாயுவாகி, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் புகைப்போர்வையிற் சேர்கிறது. ரெங்கத்து மாடு ஒருவேளையில் தின்று தீர்த்த அதே இலை, இன்று நெகிழிப் பையிற் கட்டப்பட்டு லாரியேறுகிறது.