பாதி ஞாபகத்துக்கு எண் கிடையாது

'ஆசிரியர் பேரு தெரியலைங்க. சின்னப் புஸ்தகம், எட்டுப் பக்கம் இருக்கும். மேல ரயில் படம் போட்டிருக்கும். ஒரு கொலையப் பத்தின பாட்டு. எங்க தாத்தா வச்சிருந்தாரு.' இப்படி ஒருவர் நூலகத்தில் வந்து கேட்டால் என்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும். 'பேரு தெரியாம எப்படி சார் தேடறது?' நூலகர் மேல் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை, அட்டவணை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று மூன்று வாசல். ஞாபகமோ அட்டை, அளவு, யார் வீட்டில் பார்த்தது, யார் பாடிக் கேட்டது என்று வேறு வழியாக வருகிறது. எந்த ஞாபகத்தை அட்டவணை ஞாபகமாக ஒப்புக்கொள்கிறது, அதை அப்படிக் கட்டியவர்கள் யார், எதற்காக என்ற கேள்விகளைத் தமிழ் அச்சின் வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ் அச்சு நூல்களின் முக்கியமான ஆரம்பகாலப் பட்டியலை 1865இல் போட்டவர் ஜான் மர்டாக். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி. கிறித்துவப் புத்தகங்களை இங்கே பரப்ப வேண்டுமென்றால் இந்த ஜனங்கள் ஏற்கெனவே என்ன படிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கான பட்டியல் அது. இரண்டு வருஷம் கழித்து அரசாங்கம் வந்தது. 1867ஆம் வருஷத்து 25ஆவது சட்டம், அச்சகங்களையும் புத்தகங்களையும் பதிவு செய்யும் சட்டம். 1857 எழுச்சி நடந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் பிரதி ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளிவரும். தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்டவர், இடம், பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்று கட்டம் கட்டமாக.

வேடிக்கை என்னவென்றால், பண்டிதர்கள் தொடக்கூசிய காலணா, அரையணாப் புத்தகங்களை இந்தக் கண்காணிப்புதான் பெயர் சொல்லிக் குறித்துவைத்தது. கொலைச்சிந்து, ஒப்பாரி, கும்மி, நாடகப் பாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. உளவுக்காரனுக்கு இலக்கியத் தரம் பற்றிய கவலை கிடையாது. ஆனால் அது படிக்கிறவனுக்காகச் செய்த பட்டியலில்லை. எந்த வருஷம், எந்தக் காலாண்டு என்று தெரியாதவர் வருஷம் வருஷமாகப் புரட்ட வேண்டியதுதான்.

படிக்கிறவரை மையத்தில் வைத்து நூலகத்தை யோசித்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் என்று இரண்டு உண்டு. பார்ப்பன அறிவின் சின்னம் என்று ஒரே வரியில் அவரைத் தள்ளிவிடுவது சுலபம். அதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கரான டூயியின் முறையில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் பெரும்பகுதி கிறித்துவத்துக்கு. உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாம் 290களில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இந்த மாதிரி முன்கூட்டியே கட்டிவைத்த அறைகளை உடைத்து, ஒரு புத்தகத்தைப் பல முகங்களின் சேர்க்கையாகப் பார்க்கலாம் என்று ரங்கநாதன் காட்டினார். 1933இல் வந்த கோலன் பகுப்புமுறை அதுதான். துண்டு துண்டாக வரும் ஞாபகத்துக்கு இதைவிட நெருக்கமான ஒரு கருத்தாக்கத்தை நூலகத் துறை அதுவரை தந்திருக்கவில்லை.

ஆனால் அதே முறை இலக்கியத்துக்கு வரும்போது என்ன செய்கிறது? முதலில் மொழி, பிறகு வடிவம், பிறகு ஆசிரியர். ஆசிரியரைக் குறிப்பது அவர் பிறந்த வருஷம். ஷேக்ஸ்பியருக்கு 1564, பாரதிக்கு 1882. கச்சிதமாக உட்காருகிறது. கொலைச்சிந்து எழுதி, தானே பாடி, சந்தையில் விற்றவருக்கு எந்த வருஷத்தைப் போடுவது? பெயரே மூன்று பதிப்பில் மூன்று விதமாக இருக்கும். விதிவிலக்குகளுக்கு ரங்கநாதனிடம் வழி இல்லாமல் இல்லை, அது வேறு விஷயம். எது விதி, எது விலக்கு என்பதில்தான் அரசியல் இருக்கிறது. இந்த முறை இயல்பானவராகக் கற்பனை செய்வது ஜாதகம் உள்ள ஆசிரியரை.

பெயர் விவகாரமும் இதோடு சேர்ந்ததுதான். மேற்கத்திய அட்டவணை குடும்பப் பெயரைக் கேட்கிறது. நம்மிடம் அது கிடையாது. கேட்ட இடத்தில் சாதிப் பட்டம் போய் உட்கார்ந்துகொள்ள முடிந்தது. பட்டம் இல்லாதவருக்கும், வேண்டாம் என்று எறிந்தவருக்கும் இனிஷியல்தான் கதி.

இதெல்லாம் வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்று தோன்றினால் அயோத்திதாசரை நினைத்துக்கொள்ளலாம். 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் இறக்கும்வரை வாராவாரம் வந்தது. மொழி, வரலாறு, பவுத்தம், சாதி பற்றி அவ்வளவு எழுதியவருக்குத் தமிழ் இலக்கிய வரலாறுகளில் இருந்த இடம் என்ன? 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து அவர் சிந்தனைகள் பெரிய தொகுதிகளாக வந்தபோது 'கண்டுபிடிப்பு' என்று பலரும் பேசினார்கள். யாருக்குக் கண்டுபிடிப்பு? கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளைச் சிறு நூல்களாகப் போட்டது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் குடும்பங்களில் அவை இருந்தன, படிக்கப்பட்டன. எண்பத்தைந்து வருஷ மறதி என்பது பல்கலைக்கழகத்தின் மறதி. அங்கே அவர் பாதி ஞாபகமாகக்கூட இல்லை. வைத்திருந்தவர்கள் வீட்டில் முழு ஞாபகமாக இருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சீட்டு, ஒரு அட்டவணை வரி இல்லை, அவ்வளவுதான்.

வைத்திருந்தவர்கள் என்று சொல்லும்போது கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். குஜிலிப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்தார். ஆராய்ச்சிக்காரர்கள் கோட்டையூருக்குப் போனார்கள். அரைகுறையாகச் சொன்னாலும் எடுத்துக் கொடுக்கும் அட்டவணையாக அவரே இருந்தார். 1992இல் இறந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலேறாமல் சென்னையிலேயே அது ஆராய்ச்சி நூலகமானது நம் அதிர்ஷ்டம். ஒரு மனிதரின் தலைக்குள் இருந்த வழிகள் உலகத் தரத்தில் அட்டவணையாகி, யாரும் போய்த் தேடலாம் என்றானது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அங்கேயும் ரயில் படத்தை வைத்துக்கொண்டு போகிறவர், பேர் தெரிந்த ஒருவரை முதலில் பிடிக்க வேண்டியிருக்கும்.

இயக்கங்களில் இருக்கிறவர்களிடம் இப்போது நிறையச் சேர்ந்திருக்கிறது. துண்டறிக்கை, மாநாட்டு மலர், இரண்டு இதழோடு நின்றுபோன பத்திரிகை. கணினியில் ஏற்றும்போது பேர், வருஷம், பதிப்பகம் என்று மட்டும் போடாமல், அட்டையில் என்ன படம், எந்தக் கூட்டத்தில் விற்றது, யார் கொடுத்தார், அவர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்கலாம். 1867 சட்டத்தில் விலைக்கும் பிரதிகளின் எண்ணிக்கைக்கும் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை.