விசாவில் இருக்கும் ஒரு சொல்: வளைகுடாவுக்குப் போவோர் கவனிக்கத் தவறுவது

வாழைச்சேனையைச் சேர்ந்த சாரதி ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது தனது இக்காமாவைக் காட்டினார். சவூதி அரேபியாவின் வதிவிட அனுமதி அட்டைதான் இக்காமா. தொழில் என்ற இடத்தில் அரபியில் ‘சாயிக் காஸ்’ என்று இருந்தது. தனிப்பட்ட சாரதி, அதாவது ஒரு வீட்டுக்குரிய சாரதி என்பது அதன் பொருள். 2021 மார்ச்சில் சவூதியின் தொழிலாளர் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, ‘கபாலா முடிந்துவிட்டது, இனிக் கபீலைக் கேட்காமலே வேலை மாறலாம்’ என்று வட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. அவரும் நம்பியிருக்கிறார். ஒரு கம்பனியில் வேலையும் பேசி வைத்துவிட்டார். பிறகுதான் அந்தச் சீர்திருத்தம் வீட்டுச் சாரதிகளுக்குப் பொருந்தாது என்று தெரியவந்தது.

வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், பண்ணைத் தொழிலாளி, ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் என அதிலிருந்து விலக்கப்பட்ட பிரிவினரின் பட்டியலைப் பார்த்தால், நமது ஊர்களிலிருந்து போகிறவர்களில் பெரும் பகுதியினர் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

வெளிநாடு போவது பற்றி நாம் பேசும்போது சம்பளம், நாடு, ஏஜென்சி ஆகிய மூன்றையும்தான் பேசுகிறோம். விசாவில் எந்தத் தொழில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால், அங்கே இறங்கிய பிறகு எந்தச் சட்டம் உங்களுக்கு உரியது, எந்த அலுவலகம் உங்கள் முறைப்பாட்டை ஏற்கும், வேலையை விட முடியுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தச் சொல்தான்.

கபாலா என்பதை ‘அனுசரணை முறை’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லில் இருக்கும் கருணை நடைமுறையில் இல்லை. வளைகுடா நாடுகளிலும் லெபனான், ஜோர்தானிலும் வெளிநாட்டுத் தொழிலாளியின் வதிவிட உரிமை அவரை வரவழைத்த கபீலுடன் கட்டப்பட்டிருக்கிறது. இங்கே முதலாளியுடன் பிரச்சினை என்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே வேலையை விட்டு வெளியேறினால் வேலையோடு நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடுகிறது. ‘தொழிலாளி காணாமல் போய்விட்டார்’ என்று கபீல் முறைப்பாடு செய்தால் போதும். சவூதியில் இதை ‘ஹுரூப்’ என்பார்கள். அடி தாங்காமல் ஓடியவருக்கும், ஆறு மாதச் சம்பளம் கிடைக்காமல் வெளியேறியவருக்கும், கூடுதல் சம்பளத்துக்காகப் போனவருக்கும் அதே பெயர்தான். ஆகவே, சம்பளம் நின்றவுடன், வீட்டை விட்டு வெளியேறும் முன்னரே தூதரகத்திலோ அந்நாட்டுத் தொழில் அலுவலகத்திலோ முறைப்பாட்டைப் பதிவு செய்வது மிக முக்கியம். ஹுரூப் விழுந்த பிறகு பேசுகிறவரின் குரல் முதலில் குற்றம் சுமத்தப்பட்டவரின் குரலாகவே கேட்கப்படும்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. சவூதியின் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளர்களை உள்ளடக்கவில்லை. அவர்களுக்கெனத் தனி விதிமுறைகள் இருக்கின்றன. 2013இல் வந்த விதி நாளொன்றுக்கு 9 மணிநேர ஓய்வை உறுதி செய்தது. மறுபக்கமாகக் கணக்கிட்டால் 15 மணிநேர வேலைக்கு இடம் இருந்தது என்று அர்த்தம். 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி வேலை நேரத்தை 10 மணிநேரமாக மட்டுப்படுத்துகிறது. லெபனானில் 1946ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளர்களை 7ஆவது பிரிவில் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது.

கட்டார் ஓரளவு மாறியிருக்கிறது. உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்தை முன்னிட்டு வந்த சர்வதேச அழுத்தத்துக்கு அதில் பெரிய பங்குண்டு. 2020இல் முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் இல்லாமல் வேலை மாற அனுமதித்தது. 2021 மார்ச் முதல் 1,000 றியால் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் நடைமுறையில் உள்ளது. இவை இரண்டும் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்பது முக்கியமானது. ஆனால், கைத்தொலைபேசியைப் பறித்து வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு இந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

குவைத்துக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் ‘18ஆம் நம்பர்’, ‘20ஆம் நம்பர்’ என்று பேசுவார்கள். 18 என்பது தனியார் கம்பனி விசா. 20 என்பது வீட்டு வேலை விசா, பேச்சு வழக்கில் ‘காதிம் விசா’. 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் 20ஆம் நம்பர்காரர்களுக்கு வாராந்த விடுமுறை, 12 மணிநேர உச்சவரம்பு, கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமை ஆகியவற்றைக் கொடுத்தது. மறு வருடம் 60 தினார் குறைந்தபட்சச் சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது. வளைகுடாவில் அது ஒரு முன்னோடிச் சட்டம். ஆயினும் 20இலிருந்து 18க்கு மாறுவது பொதுவாக முடியாத காரியம். 2024 ஜூலை நடுப்பகுதி முதல் செப்டெம்பர் 12 வரை அந்தக் கதவு திறந்தது. அதற்கும் முதலாளியின் சம்மதமும் அவரிடம் ஒரு வருட சேவையும் தேவைப்பட்டன. 18ஆம் நம்பர் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஜூலை முதல் அவர்களும் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதியைப் பெறவேண்டும்.

‘ப்ரீ விசா’ பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ‘கபீல் பெயருக்குத்தான், நீங்கள் விரும்பிய இடத்தில் வேலை செய்யலாம்’ என்று சொல்லிச் சில இலட்சங்களை வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியொரு விசா எந்த நாட்டின் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒருவரின் பெயரில் எடுத்த சாதாரண விசாதான் அது. அதில் போகிறவர் வேறொருவரிடம் வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் சட்டத்தை மீறுகிறார். பிடிபட்டால் நாடு கடத்தப்படுபவர் அவர். காசு வாங்கியவர் ஊரில் இருப்பார், பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஆளாகவும் இருப்பார்.

இலங்கைப் பக்கத்துக்கும் வருவோம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். அதில் பதிவு செய்து போவது கட்டாயம். காப்புறுதியும் தூதரகத்தின் ஊடாக முறைப்பாடு செய்யும் வழியும் அந்தப் பதிவில்தான் தங்கியிருக்கின்றன. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் ஆறு வயது கூட்டிப் போடப்பட்டிருந்தது. அவரது பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில், அவர் சிறுமி என்ற வாதம் அந்தக் கடவுச்சீட்டின் முன் எடுபடவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதே ஆண்டில் அரசாங்கம் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’யைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்குப் போகமுடியாது என்றானது. தகப்பனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வறுமை அப்படியே இருக்க, வழி மட்டும் அடைக்கப்பட்டதால் பல பெண்கள் விசிட் விசாவில் போனார்கள். பொருளாதார நெருக்கடி வந்து டொலர் தேவைப்பட்டபோது, 2022இல் பிள்ளையின் வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது, பெண்களுக்கான குறைந்தபட்ச வயதும் 21 ஆனது. அதே ஆண்டு நவம்பரில், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்பட்ட பெண்களின் கதைகள் வெளிவந்தன. 2024இல் வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியது. அதை அனுப்பியவர்களுக்கு இருந்த இடத்திலிருந்து வாக்களிக்கும் வசதி அந்த ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலிலும் இருக்கவில்லை.

போவதற்குத் தயாராகிறவர்கள் விசாவின் பிரதி கையில் கிடைத்த அன்றே அரபு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நமது ஊர்களில் ஒரு மௌலவியைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மலையகத்திலும் பக்கத்து நகரத்துப் பள்ளிவாசலில் கேட்டால் வாசித்துச் சொல்வார்கள். தொழிலின் பெயர் என்ன, கபீல் தனிநபரா கம்பனியா, ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் விசாவில் இருக்கும் பெயரும் ஒன்றா என்ற மூன்றையும் கேளுங்கள். விசிட் விசா என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘அங்கே போனதும் மாற்றித் தருவோம்’ என்ற வாக்குறுதிக்கு எந்தக் காகிதமும் இருக்காது. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பணியகப் பதிவு ஆகியவற்றைப் படமெடுத்து வீட்டில் உள்ள இருவரின் தொலைபேசிக்கு அனுப்பிவையுங்கள். அங்கே உங்கள் கையடக்கத் தொலைபேசியும் கடவுச்சீட்டும் ஒரே நாளில் பறிபோகலாம். அப்போது பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து உங்கள் விபரங்களைச் சொல்ல வீட்டில் ஒருவரால் முடியவேண்டும்.

வாழைச்சேனைக்காரர் திரும்பப் போய்விட்டார், அதே வீட்டுக்குத்தான். அவரது தம்பிக்கும் ஒரு விசா வந்திருக்கிறதாம். இம்முறை அதன் படம் முதலில் எனக்கு வந்தது, தொழில் என்ற இடத்தை வட்டமிட்டு.