வீட்டுப் புரொஜெக்டர்

செட்-டாப் பெட்டி, கணினி, கைபேசி போன்றவற்றிலிருந்து வரும் நிகழ்படக் குறிகைகளை ஒளியாக மாற்றி, லென்ஸ் வழியே பெரிதாக்கிச் சுவரிலோ திரையிலோ வீழ்த்தும் கருவி புரொஜெக்டர் எனப்படும். வீடுகளில் இது பெரும்பாலும் 80 முதல் 120 அங்குல மூலைவிட்டம் கொண்ட படத்துக்குப் பயன்படுகிறது. தொலைக்காட்சியிலிருந்து இதை வேறுபடுத்தும் அடிப்படை இயல்பு ஒன்று உண்டு: புரொஜெக்டரால் ஒளியைச் சேர்க்க மட்டுமே இயலும், கருமையை வீழ்த்த இயலாது. ஆகவே படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம், கருவி அணைந்திருக்கும்போது அந்த அறையில் திரை எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ அதைவிடக் கறுக்காது. விலை உயர்ந்த கருவியை வாங்கி வெளிச்சமான கூடத்தில் வைத்தவர்கள் ஏமாறுவதும், நடுத்தரக் கருவியை இருட்டறையில் வைத்தவர்கள் மகிழ்வதும் இதனால்தான்.

கண்ணாடித் தகட்டில் தீட்டிய ஓவியத்தை விளக்கொளியால் சுவரில் காட்டும் மாயவிளக்கை டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922-இல் வெளியிட்ட 9.5 மி.மீ. படச்சுருள் கருவி, திரைப்படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று. மின்னணு நிகழ்படத்துக்கு 1970கள் முதல் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கதிர்க்குழாய்களைக் கொண்ட பருத்த கருவிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் மூன்று படங்களும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருந்ததால் அவை வசதியும் பொறுமையும் ஒருங்கே உடையவர்களின் வீடுகளைத் தாண்டவில்லை. ஷார்ப், எப்சன் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் 1989-இல் எல்.சி.டி. புரொஜெக்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே கருவி மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது.

படம் உருவாகும் விதம்

இன்றைய கருவிகளில் இரு முறைகள் பெருவழக்காக உள்ளன. எல்.சி.டி. முறையில் வெண்ணொளி, நிறம் பிரிக்கும் கண்ணாடிகளால் மூன்று நிறக் கற்றைகளாகப் பிரிந்து, மூன்று திரவப் படிகத் தகடுகளின் வழியே சென்று, ஒரு கனசதுர முப்பட்டகத்தில் மீண்டும் ஒன்றுசேர்ந்து லென்ஸை அடைகிறது. டி.எல்.பி. முறையின் இதயம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சில்லு. இலட்சக்கணக்கான கண்ணாடிகள் சில மைக்ரான் அகலத்தில் அதன்மேல் அணிவகுத்திருக்க, அவை ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இருபுறமும் சாய்ந்து, ஒளியை லென்ஸை நோக்கியோ அதற்கு அப்பாலோ திருப்புகின்றன. எந்தப் பக்கம் அதிக நேரம் சாய்ந்திருக்கிறது என்பதே அந்தப் புள்ளியின் ஒளிர்வை முடிவுசெய்கிறது. திரையரங்குகளையும் மாற்றிய இக்கண்டுபிடிப்புக்காக ஹார்ன்பெக்குக்கு 2015-இல் ஆஸ்கர் வழங்கப்பட்டது.

வீட்டுக்கான டி.எல்.பி. கருவிகளில் பொதுவாக ஒரே ஒரு சில்லுதான் உண்டு என்பதால் மூன்று நிறங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டப்பட்டு, பார்வையில் கலக்கின்றன. கண்ணைச் சட்டென்று திருப்பும்போது வெண்ணெழுத்துகளின் ஓரத்தில் வானவில் கீற்றுகள் தெரிவதாகச் சிலர் கூறுவது இதன் விளைவே. பலருக்கு இது தெரிவதேயில்லை. தெரிபவர்களுக்கோ படம் முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதால், வாங்கும் முன் வீட்டிலுள்ள அனைவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சோனி, ஜே.வி.சி. நிறுவனங்கள் கையாளும் எல்.காஸ் என்னும் மூன்றாவது முறை, சிலிக்கான் பரப்பின்மேல் திரவப் படிகத்தைப் பரப்பி ஒளியைத் திருப்பி அனுப்புவது. கருமையில் சிறந்தது, விலையிலும் மிகுந்தது.

படத்தின் நுணுக்கம் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையால் அமைகிறது. இங்கே விளம்பரச் சொற்களில் கவனம் தேவை. '4கே ஏற்கும்' என்று மலிவான கருவியின் பெட்டியில் அச்சிட்டிருப்பது, 4கே குறிகையை உள்வாங்கித் தன் சிறிய தகட்டுக்கு ஏற்பக் குறைத்துக் காட்டும் என்ற பொருளையே தரும். சில்லின் சொந்தப் புள்ளிகள் எத்தனை என்பது வேறு இடத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். 1920×1080 புள்ளிகள் கொண்ட சில்லை, ஒரு சட்டகத்துக்குள் நான்கு முறை சற்றே நகர்த்திக் காட்டி 3840×2160 புள்ளிகளை உண்டாக்கும் முறையும் உண்டு. அது ஏமாற்று அன்று, பார்வைக்கு உண்மையான நுணுக்கத்தையே தருகிறது.

ஒளியளவும் அறையும்

ஒளி மூலமாக நெடுங்காலம் இருந்தது உயரழுத்தப் பாதரச விளக்கு. சில ஆயிரம் மணி நேரத்தில் அது மங்கிவிட, புதிய விளக்குக்குக் கணிசமான தொகை செலவாகும். நீல லேசரை மஞ்சள் பாஸ்பரில் பாய்ச்சி வெண்ணொளி பெறும் லேசர் கருவிகளும் எல்.இ.டி. கருவிகளும் ஏறத்தாழ 20,000 மணி நேரம் உழைப்பதாகக் குறிக்கப்படுகின்றன. அந்த எண் பொதுவாக ஒளி பாதியாகக் குறையும் காலத்தைக் குறிக்குமேயன்றி, கருவி நிற்கும் காலத்தை அன்று.

வெளிவரும் மொத்த ஒளியின் அலகு லூமென். ஏ.என்.எஸ்.ஐ. முறைப்படி திரையை ஒன்பது சமப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் ஒளியை லக்ஸ் அலகில் அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்கி இதைக் கணக்கிடுவர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். எந்த முறையில் அளந்தது என்று சொல்லாமல் வெறுமனே ஆயிரக்கணக்கில் லூமென் அச்சிட்ட மலிவுக் கருவிகளின் எண்களை நம்புவதற்கில்லை.

அறையின் பங்கை ஒரு கணக்கே விளக்கிவிடும். 16:9 விகிதத்தில் 100 அங்குலப் படம் 2.21 மீ. அகலமும் 1.25 மீ. உயரமும், ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர் பரப்பும் கொண்டது. 2,000 லூமென் ஒளி அதில் பரவினால் 727 லக்ஸ் கிடைக்கும். கூடத்தில் டியூப் லைட் எரிந்து, அதனால் திரையில் 100 லக்ஸ் விழுவதாகக் கொண்டால், படத்தின் வெண்மை 827 லக்ஸ், கருமை 100 லக்ஸ்; இரண்டுக்குமான விகிதம் எட்டுக்கு ஒன்றுதான். இரு மடங்கு விலை கொடுத்து 4,000 லூமென் கருவியை வைத்தாலும் அது பதினைந்துக்கு ஒன்றாகவே உயரும். மாறாக, பழைய கருவியையே வைத்துக்கொண்டு விளக்கை அணைத்து, சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை இட்டு, வெளியொளியை 1 லக்ஸ் அளவுக்குக் குறைத்தால் விகிதம் 700-ஐத் தாண்டுகிறது. பெட்டியில் குறிக்கப்படும் 'பத்து இலட்சத்துக்கு ஒன்று' போன்ற கான்ட்ராஸ்ட் எண்கள் எந்த வீட்டுக் கூடத்திலும் தோன்றப்போவதில்லை. இருட்டறையிலும் வெள்ளைச் சுவர்களும் கூரையும் திரையின் ஒளியை வாங்கித் திருப்பி அதன்மேலேயே வீசுவதால், திரைக்கு அருகிலுள்ள பரப்புகளுக்கு மங்கலான அடர்நிற வண்ணம் பூசுவது பயன் தரும். திரையரங்குச் சுவர்கள் கருஞ்சிவப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

பட்டி பார்த்து மழமழப்பாக்கி, பளபளப்பற்ற வெள்ளை பூசிய சுவரே தொடக்கத்துக்குப் போதுமானது. ஆனால் வீட்டுச் சுவர்களில் வெறும் வெள்ளை அரிது. தந்த நிறமும் இளமஞ்சளும் முகங்களின் நிறத்தை மாற்றிவிடும். பூச்சின் மேடுபள்ளங்கள் பகலில் தெரியாவிட்டாலும், காட்சியில் கேமரா மெல்ல நகரும்போது படம் ஓடச் சுவர் நிற்பதால் கண்ணில் படுகின்றன. விற்பனைத் திரைகளில் ஒளியை எல்லாப் பக்கமும் சீராகச் சிதறவிடும் சாதாரண வெள்ளைத் திரையின் ஈட்டம் 1 எனப்படும். ஈட்டம் அதிகமான திரை, நேரெதிரே இருப்பவருக்குப் பொலிவைக் கூட்டி, ஓரத்தில் இருப்பவருக்குக் குறைக்கிறது. புதிதாக ஒளியை அது உண்டாக்குவதில்லை. கூரையிலிருந்து வரும் ஒளியை விழுங்கி, கீழிருந்து வரும் கருவியின் ஒளியை மட்டும் பார்வையாளரிடம் திருப்பும் வரிவரியான நுண்ணமைப்புள்ள திரைகளும் கிடைக்கின்றன. பகலில் கிரிக்கெட் பார்க்க விரும்பும் வீட்டுக்குச் செலவழிக்கத் தக்கது அத்தகைய திரைதான்.

நிறுவுதல்

கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது வீழ்த்து விகிதம். விகிதம் 1.5 எனில் 100 அங்குலப் படத்துக்கு லென்ஸ் 3.3 மீ. தள்ளி இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் நீளம் 3.66 மீ. மட்டுமே, எஞ்சும் 36 செ.மீ. இடத்தில் கருவியின் உடலும், பின்புற வயர்களும், வெப்பக்காற்று வெளியேறும் இடைவெளியும் அடங்கா. விகிதம் 1.2 ஆனால் 2.65 மீ. போதும், சிக்கல் தீர்ந்துவிடும். ஆகவே கடைக்குச் செல்லும் முன் அளவுநாடா பிடிப்பதே முதல் வேலை. விகிதம் 0.25 அளவில் உள்ள மிகக்குறுந்தொலைவுக் கருவிகள் திரைக்கு அடியிலேயே மேசைமேல் அமர்பவை. சுவர் இம்மியளவு வளைந்திருந்தாலும் அவை காட்டிக்கொடுத்துவிடும். பார்ப்பவர் அமரும் தொலைவு 100 அங்குலத்துக்கு 3 முதல் 4 மீ. வரை இருப்பது பொருத்தம். பார்வைக் கோணம் அப்போது சுமார் 40 பாகையிலிருந்து 30 பாகை வரை அமைகிறது.

கருவி திரைக்குச் செங்குத்தாக நோக்காமல் சாய்ந்திருந்தால் படம் செவ்வகமாக விழாமல் சரிவகமாகிவிடும். இதைச் சீராக்கும் 'கீஸ்டோன்' வசதி, படத்தைச் சில்லுக்குள்ளேயே எதிர்ப்பக்கமாகக் கோணலாக்குவதால் ஓரப் புள்ளிகள் வீணாகி, எழுத்துகள் மங்குகின்றன. தானாகவே சரிசெய்து தருவதாகச் சொல்லும் கருவிகளிலும் இழப்பு இதுவே. லென்ஸை மட்டும் மேலும் கீழும் நகர்த்தும் 'லென்ஸ் ஷிப்ட்' ஒளியியல் வழியில் செயல்படுவதால் அத்தகைய இழப்பு இல்லை. அந்த வசதி இல்லாத கருவியை, மென்பொருளால் திருத்துவதைவிடச் சரியான உயரத்தில் பொருத்துவதே மேல். பல டி.எல்.பி. கருவிகளின் படம் லென்ஸின் மட்டத்துக்கு மேலே எழும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கருவியின் மெனுவில் படத்தைப் புரட்டிக்கொள்வர்.

தாங்கியை ஆங்கர் போல்ட் கொண்டு கான்கிரீட் தளத்திலேயே பிணைக்க வேண்டும்; ஃபால்ஸ் சீலிங் பலகை பாரத்தையும் தாங்காது, அதிர்வையும் தடுக்காது. அதிர்வு அற்பமான குறையன்று. 1080 வரிப் படத்தில் ஒரு புள்ளியின் அகலம் 100 அங்குலத் திரையில் 1.15 மி.மீ.; மூன்று மீட்டரிலிருந்து ஒளி வீசும் கருவி ஒரு பாகையில் ஐம்பதில் ஒரு பங்கு ஆடினாலே படம் ஏறத்தாழ ஒரு புள்ளி நகர்ந்துவிடும். சமநிலை தப்பிய மின்விசிறி அதே தளத்தில் சுழலும்போது எழுத்துகள் இரட்டையாகத் தெரிவது இதனால்தான். விசிறியின் இறக்கை ஒளிப்பாதையில் குறுக்கிட்டால் படம் விட்டுவிட்டு மினுங்கும். அப்போது விசிறியை இடம் மாற்றுவதைவிடக் கருவியைத் தாழ்வான குழாயில் இறக்குவது எளிது.

எச்.டி.எம்.ஐ. வயர் 4கே குறிகைக்குச் செம்புக் கம்பியில் ஐந்தாறு மீட்டர் வரையே நம்பகமானது. அதற்கு மேல் ஒளியிழை வயர் தேவை. அதன் இரு முனைகளும் வேறுவேறு பணிக்கானவை, மாற்றிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் புதைக்கும் குழாய் வயரின் பருமனுக்கு அன்றி, முனையிலுள்ள பிளக் நுழையும் அகலத்துக்கு இருக்க வேண்டும் என்பதைக் கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் பூச்சுவேலைக்கு முன்பே சொல்லிவிடுவது உத்தமம். ஒலி திரையின் பக்கமிருந்து வருவதே இயல்பு. புளூடூத் ஒலிபெருக்கிகளில் ஒலி தாமதித்து, உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் பொருந்தாமல் போவது உண்டு.

பயன்பாட்டில்

கருவியை இயக்கிப் பத்து இருபது நிமிடம் சூடேறிய பின்னரே குவியத்தைச் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் வெப்பத்தால் லென்ஸ் சற்றே விரிகிறது. கட்டக்கோடுகள் கொண்ட சோதனைப் படத்தை வீழ்த்தி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்துகள் ஒரே கூர்மையுடன் உள்ளனவா என்று திரையருகே நின்று பார்க்க வேண்டும். 'பளீர்' வகை நிற அமைப்புகள் பச்சையை மிகைப்படுத்தும். 'சினிமா' என்ற அமைப்பே பெரும்பாலும் இயற்கையான நிறம் தரும். எச்.டி.ஆர். வகைப் படங்கள் தொலைக்காட்சிகளின் உயர்ந்த ஒளிர்வை எண்ணித் தயாரிக்கப்படுபவை. ஒரு வீட்டுத் திரை அதில் சிறு பங்கையே எட்டும் என்பதால், அவற்றைச் சாதாரண வடிவில் பார்ப்பதே சில கருவிகளில் நன்றாக இருக்கும்.

தூசி எல்.சி.டி. தகடுகளில் படிந்தால் இருண்ட காட்சிகளில் மங்கலான நிறத் திட்டுகள் தோன்றும். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது துடைத்தால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். விளக்கு வகைக் கருவியை அணைத்தவுடன் பிளக்கைப் பிடுங்கக்கூடாது. உள்விசிறி வெப்பத்தை வெளியேற்றி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மின்வெட்டு வழக்கமான ஊர்களில் சிறிய யு.பி.எஸ். ஒன்றை இணைப்பது, படம் முடியும்வரை ஓட்டுவதற்காக அன்று, அந்தச் சில நிமிடக் குளிர்ச்சிக்காக. லேசர் கருவி ஓடும்போது குழந்தைகள் லென்ஸுக்குள் உற்றுப் பார்க்க விடக்கூடாது. பாதரச விளக்கு உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, ஆவி அடங்கிய பின் துண்டுகளைக் கையுறையுடன் சேகரித்து மூடிய கலத்தில் இட வேண்டும். வேக்குவம் கிளீனர் பாதரசத்தை அறை முழுவதும் பரப்பிவிடுமாதலால் அதைப் பயன்படுத்தக்கூடாது. ஆயுள் முடிந்த விளக்குகளை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், மின்னணுக் கழிவு பெறும் மையங்களில் ஒப்படைக்க வேண்டும்.