மூன்று குழலிலிருந்து கண்ணாடிச் சில்லுக்கு: வீட்டுத் திரையின் கதை

புதிய கருவி ஒன்று பழையதை ஓரங்கட்டிவிட்டால், புதியதுதான் எல்லா வகையிலும் உயர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். வீட்டில் படம் காட்டும் புரொஜெக்டரின் வரலாறு வேறு பாடம் சொல்கிறது. குழல் புரொஜெக்டர் போய் டிஜிட்டல் வந்தபோது, படத்தின் அழகு முதலில் சற்றுக் குறையத்தான் செய்தது. ஆனாலும் டிஜிட்டலே வென்றது. ஏன் வென்றது, அதனால் வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்கிறேன்.

வீட்டுத் திரை நேற்று முளைத்த ஆசை அல்ல. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922-இல் 9.5 மி.மீ. சுருளையும், அமெரிக்காவின் கோடாக் 1923-இல் 16 மி.மீ. சுருளையும் வீட்டு உபயோகத்தை மனத்தில் வைத்தே கொண்டுவந்தன. திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. நைட்ரேட் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். ஆகவே வீட்டுக்கான சுருளை எளிதில் தீப்பற்றாத அசிடேட்டில் செய்தார்கள். 1970-களில் அமெரிக்கரான ஹென்றி கிளாஸ், தமது அட்வென்ட் நிறுவனத்தின் மூலம், மூன்று குழல் கொண்ட பெருந்திரைத் தொலைக்காட்சியை வீடுகளுக்கு விற்றார். சுருள் இல்லாமலே பெரிய படம் வீட்டுக்குள் வந்தது.

மூன்று குழல் என்றால் என்ன? சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கொரு படக்குழல். ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ். மூன்று படங்களும் திரையில் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். இதைக் கன்வர்ஜென்ஸ் என்பார்கள். பிசகினால் கதாநாயகியின் மூக்குக்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொரு மூக்கு தெரியும்!

1998-இல் ஒரு நிறுவனத்தின் கூட்ட அறையிலிருந்து கழித்துவிட்ட அத்தகைய கருவியொன்றை நான் வாங்கினேன். ஐம்பது கிலோவுக்குக் குறையாது. நான்கு பேர் சேர்ந்து கூரையில் மாட்டினோம். திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்து, மூலை மூலையாகக் கோடுகளைச் சேர்க்க இரண்டு ராத்திரி பிடித்தது. அதன் வெளிச்சம் குறைவு. ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை போட்டால்தான் படம் தெரியும். ஆனால் இருட்டுக் காட்சி வந்தால், அந்தக் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மின்கதிர் அடங்கினால் அந்த இடத்தில் ஒளியே இல்லை அல்லவா!

டிஜிட்டலில் இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, விளக்கொளியைத் திரவப் படிகத் தகடுகள் வழியே அனுப்பும் எல்.சி.டி. எப்சன் நிறுவனம் 1989-இல் இவ்வகைப் புரொஜெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்றது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த கண்ணாடிச் சில்லு. நகத்தளவு சில்லில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்பும், அல்லது விலக்கும். இதில் அமைந்த டி.எல்.பி. புரொஜெக்டர்கள் 1996-இல் சந்தைக்கு வந்தன. 2015-இல் ஹார்ன்பெக்குக்கு ஆஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

தொடக்கத்தில் குறைகள் இல்லாமலில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தது. புள்ளிகளுக்கிடையே கொசுவலை போல ஒரு வலை. ஒற்றைச் சில்லுக் கருவிகளில் நிறச்சக்கரம் சுழல்வதால் சிலர் கண்ணுக்கு வானவில் மின்னியது. பழைய கேசட்டும் வி.சி.டி.யும் குழலில் மென்மையாகத் தெரியும். டிஜிட்டலில் கட்டம் கட்டமாக உடைந்தன. மின்வெட்டு வந்தால் விசிறி நின்று விளக்கு சூடேறும், அதற்கொரு யு.பி.எஸ். வேறு.

இத்தனை இருந்தும் 2006-இல் நானும் மாறினேன். புதியது மூன்று கிலோ. "அப்பா, பெட்டியைப் பிரிச்சு பத்து நிமிஷம்கூட ஆகலை, படமே வந்துடுச்சே!" என்றான் பையன். அவ்வளவுதான் ரகசியம். தூக்க ஒருவர் போதும், பகலிலும் படம் தெரியும், கோடு சேர்க்கத் தெரிந்த ஆள் வேண்டாம், விலையும் ஆண்டுக்காண்டு இறங்கியது. கறுப்பின் ஆழம் பின்னால் வந்த கருவிகளில் மெல்ல மெல்ல மேம்பட்டது. சனங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இதில் நமக்கொரு கணக்கு இருக்கிறது. இங்கே திரையரங்கில் தமிழ்ப் படம் அபூர்வமாக இருந்த காலத்தில், பெரிய கருவி ஒரு வீட்டில்தான் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பத்துக் குடும்பம் அங்கே கூடியது. இந்தி பேசி வளர்ந்த பிள்ளைகள் தமிழ் வசனத்துக்குச் சிரிக்கக் கற்றது அந்த இருட்டில்தான். "பாட்டி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் நாலு பாட்டிகள் பதில் சொல்வார்கள். கருவி எளிதானதும் வீட்டுக்கு வீடு திரை வந்தது; கூட்டம் கரைந்தது. அந்தக் கூட்டத்தைக் கூட்டியது நம் தமிழ்ப் பற்று மட்டுமல்ல, கருவியின் கஷ்டமும்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கஷ்டம் செய்த வேலையை இனி நாமே மெனக்கெட்டுச் செய்தாக வேண்டும். சங்கக் கூடத்தில் புரொஜெக்டர் இருக்கிறது. அதை இயக்க நிபுணர் தேவையில்லை. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பழைய படம், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெரியவர்கள். இந்த ஆண்டே தொடங்கலாமே!