தலைப்பிரசவமும் பிரெஞ்சுக் குடியுரிமையும்

வேளாங்கண்ணியில் பஸ் ஏறி வடக்கே போனால் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி. இந்தச் சின்னத் துண்டுக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டென்மார்க்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஐந்து ஐரோப்பியக் கொடிகள் பறந்திருக்கின்றன. ஆனால் போகும்போது பாஸ்போர்ட்டை விட்டுப்போன கொடி ஒன்றே ஒன்றுதான். காரைக்காலில் ஒரு வீட்டுப் பையன் விசா என்ற பேச்சே இல்லாமல் பாரிஸில் வேலைக்குச் சேருவான். பக்கத்து நாகப்பட்டினத்தில் அதே படிப்பு படித்தவன் கம்பெனிக் கடிதத்தையும் வங்கிக் கணக்கையும் ஃபைலில் போட்டுக்கொண்டு விசா வரிசையில் நிற்பான். என்னைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு அந்த வரிசை நன்றாகவே பழக்கம்.

ஏன் இப்படி? "பிரெஞ்சுக்காரன் நல்லவன், குடுத்துட்டுப் போனான்" என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யார் நல்லவன் என்பதைவிட, யார் எந்த வருஷம் கிளம்பினான் என்பதுதான் கணக்கு.

நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தது 1658இல். டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தது 1781இல். தரங்கம்பாடியை டென்மார்க் 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கோட்டை, நிலம், வரி உரிமை எல்லாம் கைமாறின. அங்கே குடியிருந்தவர்களிடம் "நீ எந்த நாட்டுக்காரன்?" என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் குடிகள். குடிமக்கள் என்ற சொல் அவர்கள்மேல் விழவே இல்லை.

கோவாவைப் பாருங்கள். அங்கே போர்ச்சுக்கல் 1961 டிசம்பர் வரை இருந்தது. அதனால் அதற்கு முன் அங்கே பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றும் போர்ச்சுக்கீசியக் குடியுரிமை கேட்க முடிகிறது. வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க கோவாக்காரர்கள் வருகிறார்கள். புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் கதை இந்தக் கோயிலோடு சேர்ந்தது. ஆனால் அந்த மாலுமிகளின் நாட்டு பாஸ்போர்ட் வந்து போகிறவருக்குக் கிடைக்கலாம், உள்ளூர்க்காரருக்குக் கிடையாது. 300 வருஷ வித்தியாசம்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. கொடி மாறிவிட்டது, சட்டம் மாறவில்லை. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் எட்டு வருஷம் காரைக்கால்காரர் இந்திய நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜை.

இந்த ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஒரு நிரலைப் படிப்பதுபோல இருந்தது. எல்லாம் டீஃபால்ட் மதிப்புகள். பிரெஞ்சுப் பகுதிக்குள் பிறந்து அங்கேயே குடியிருக்கிற பிரெஞ்சுப் பிரஜையா? தானாக இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே பிறந்து, அந்த நாளில் இந்தியாவுக்கு வெளியே குடியிருக்கிறவரா? தானாகப் பிரெஞ்சுக்காரர். இந்தியர் ஆக வேண்டுமென்றால்தான் எழுத வேண்டும். பிரெஞ்சுப் பகுதிக்கு வெளியே பிறந்து உள்ளே குடியிருக்கிற பிரெஞ்சுப் பிரஜையா? அவரும் பிரெஞ்சுக்காரராகவே தொடர்வார்.

இந்த மூன்றாவது விதியை எழுதியவர்கள் தமிழ்நாட்டுத் தலைப்பிரசவத்தை நினைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

காரைக்கால் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்வோம். அப்பா பிரெஞ்சுப் பிரஜை. அம்மாவுக்குத் தாய்வீடு வேளாங்கண்ணி, அதாவது பிரிட்டிஷ் இந்தியா. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். மூத்தவன் அங்கே பிறக்கிறான். அடுத்தவன் காரைக்காலில் பிறக்கிறான். மூன்றாமவனும் காரைக்கால்தான், ஆனால் வளர்ந்து சைகோனில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். 1962 ஆகஸ்டில் மூவரும் பெரியவர்கள். யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் காலையில் மூத்தவர் பிரெஞ்சுக்காரர், நடுவில் உள்ளவர் இந்தியர், கடைக்குட்டி பிரெஞ்சுக்காரர். மூத்தவரும் நடுவரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். "பிரசவம் எங்க பாத்தாங்க?" என்ற கேள்வியில் நாடு தீர்மானமாகிவிட்டது.

ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாப் பகுதிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 5,000 பேர். சில லட்சம் மக்கள்தொகையில் இது சொற்பம். ஏன் எழுதவில்லை என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். சொந்த ஊரில் அந்நியனாகப் பதிந்துகொள் என்று சொன்னால் நிலம் வைத்திருக்கிறவனும் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவனும் யோசிக்கத்தான் செய்வான். விடுதலைக்காகப் போராடிய வீடுகளில் அந்தத் தாளைத் தொடுவதே கேவலமாக இருந்திருக்கும். எழுதியவர்களில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்கள் குடும்பங்களுக்குப் பென்ஷன் என்ற கண்ணுக்குத் தெரிந்த காரணம் இருந்தது.

ஐரோப்பாவில் எங்கே வேண்டுமானாலும் வேலை என்பது அப்போது யார் கண்ணிலும் இல்லை. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனும்கூட என்றானது. 1962இல் தாத்தா கையெழுத்துப் போட்டது பிரான்சுக்கு. பேரன் அதை வைத்து ஜெர்மனியிலோ இத்தாலியிலோ வேலைக்குப் போகலாம். பக்கத்து வீட்டுத் தாத்தா போடாத கையெழுத்தின் விலை முப்பது வருஷம் கழித்து ஏறியது.

பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் இதே கதை இத்தாலியை வைத்து நடந்தது. கப்பலேறிப் போன கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடிப் பிடித்து, இத்தாலியக் குடியுரிமை வாங்கி, ஸ்பெயினில் போய் வேலை பார்த்தவர்கள் ஏராளம். 2025இல் இத்தாலி அந்தக் கதவைப் பெருமளவு சாத்தியது. இனி பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான், அதற்கும் நிபந்தனைகள்.

பிரான்சிடம் இந்தப் பூட்டு முன்பே இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் வெளிநாட்டிலேயே இருந்து, தானோ பெற்றோரோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு பாஸ்போர்ட், தூதரகப் பதிவு மாதிரி எந்த அடையாளமும் இல்லையென்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்கவே அனுமதி கிடையாது என்கிறது அவர்களின் சிவில் சட்டம். காரைக்கால் சட்டப்படி பிரான்சுக்கு வெளிநாடானது 1962 ஆகஸ்ட் 16. ஐம்பதைக் கூட்டினால் 2012 ஆகஸ்ட் 16.

அந்தக் குடும்பத்து மூத்தவர் தான் பிரெஞ்சுக்காரர் என்று தெரியாமலேயே காலம் தள்ளியிருந்தால், அவர் பேரன் இன்று கொண்டுபோகும் வேளாங்கண்ணிப் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்க்க அங்கே யாருக்கும் கடமை இல்லை. கெடுவுக்குள் எழுதிக் கொடுத்த வீடுகளின் பிள்ளைகள், பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால், காரைக்காலிலேயே வாக்குச்சாவடிக்கு நடந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள்.