‘காரணம்: கஞ்சா’

நம் பாடப்புத்தகத்தில் இடம்பெறாத ஒரு விசாரணையைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் ஆட்சியில் கஞ்சா விற்க உரிமம் கொடுத்தார்கள். வங்காளத்தின் நவோகாவ் வட்டாரத்தில் அனுமதி பெற்றவர் மட்டுமே பயிரிடலாம். விளைந்ததைக் கிடங்கில் வைத்து, தீர்வை கட்டித்தான் எடுக்க வேண்டும். கலால் அதிகாரிகள் கணக்கு வைத்தார்கள்.

‘கஞ்சா பைத்தியமாக்குகிறது, தடை செய்யுங்கள்’ என்ற குரல் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. 1893இல் ஏழு பேர் கொண்ட ஆணையம் அமைந்தது, மூவர் இந்தியர். சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றார்கள்.

தடை கேட்டவர்களின் பெரிய ஆதாரம் மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகள். ‘காரணம்: கஞ்சா’ என்று அவற்றில் எழுதியிருந்தது. 1892இல் சேர்ந்தவர்களின் பதிவுகளை ஆணையம் ஒவ்வொன்றாகத் துருவியது. போலீசார் கேள்விப்பட்டதை எழுதி அனுப்ப, மருத்துவமனையில் அதை அப்படியே ஏற்றியிருந்தார்கள். பலவற்றுக்கு விசாரணையே இல்லை.

முழுத் தடை வேண்டாம். உரிமம், வரி, கடைகளுக்குக் கட்டுப்பாடு போதும் என்றது 1894 அறிக்கை. அந்த வரி அரசுக்கு வருமானம் என்பதையும் மறக்கக் கூடாது.

கஞ்சாவுக்கு நான் பரிந்து பேசவில்லை. அளவு மீறினால் கெடுதல் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. 1985 சட்டப்படி இன்று அது குற்றம்.

உங்களில் பலர் தாலுகா அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கிறீர்கள். ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பும் முன் நன்றாக விசாரித்துவிட்டு எழுதுங்கள், பிள்ளைகளே. அதை நம்பித்தான் நாளை சட்டம் போடுவார்கள்.